சொத்தைக் குண்டு

பத்தாவதோடு நின்றவன், தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன், நாலு பேர் முன்னால் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவன். இப்படிப்பட்ட ஆள் துப்பாக்கியைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சுட்டது நானல்ல. கெடுத்தது நான். அந்த ஒரு தகுதிதான்.

சுட்டது என் மனைவியின் தங்கை செல்வி. செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். ஞாயிறுதோறும் கோபர்கைரனே தாண்டி ஒரு கிளப் மைதானத்தில் காற்றுத் துப்பாக்கி சுடுவாள். வேட்டைக்குத்தான் தடையாயிற்றே, அங்கே தகரப் பன்றிகள். பன்றியின் வயிற்றில் ரூபாய்க் காசு அளவு ஓட்டை. குண்டு அதற்குள் நுழைந்தால் பன்றி சாயும். ஐம்பது அடியில் பன்னிரண்டு, நூற்றைம்பது அடியில் எட்டு. அந்த ஞாயிறு முதலிடம் பிடிப்பவர் புனேயில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். மூன்று வருடமாக அதற்கென்றே பழகியிருந்தாள்.

குண்டு தீர்ந்துபோனது. அவளுக்கு லீவு இல்லை. என்னிடம் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஞாயிறு காலை நேராக மைதானத்துக்கே கொண்டுவரச் சொன்னாள்.

சனிக்கிழமை ஃபோர்ட்டில் அவள் சொன்ன துப்பாக்கிக் கடைக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். (துவரம்பருப்பைக்கூட அள்ளிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை.) ஒவ்வொரு குண்டும் இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் குடைந்து வெறும் ஓடாக இருந்தது. அப்படியே பூச்சி அரித்த கொண்டைக்கடலை. சரக்கு விஷயத்தில் மட்டும் என் கூச்சம் போய்விடும். கெட்டியாக இல்லையா என்று என் தாராவி இந்தியில் கேட்டேன். “சீட்டில் இருப்பதை வாங்கிக்கொண்டு போங்கள் சேட்” என்றார் கடைக்காரர். நான் விடவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து நீளமாக, உள் நிறைந்து, கையில் கனக்கும் குண்டுகள் வந்தன. ஜன்னல் ஓரம் கிடைத்தும் உட்காராமல், பெருமையில் நின்றுகொண்டே ரயிலில் வந்தேன்.

மறுநாள் மைதானத்தில் செல்வி டப்பாவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

“அத்தான், நான் எழுதுனது இதா?”

“அது பூராம் சொத்தைம்மா. கெட்டியாப் பாத்து வாங்கியாந்தேன்.”

ஒரு குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். (நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.) தூரத்துக் காகிதத்தில் மூன்று சுட்டு, அதை எடுத்துவந்து காட்டினாள். ஓட்டைகள் வட்டமாக இல்லை. பேரீச்சங்கொட்டை போல நீளமாக இருந்தன.

“பாத்தீயளா, குண்டு படுத்துக்கிட்டே போயிருக்கு. குழலுக்குள்ள திருகு மாதிரி வரி ஓடுது அத்தான். அதுல சுத்தி வந்தாத்தான் குண்டு நேராப் போகும். நீளமும் கனமும் கூடுனா இன்னும் வேகமாச் சுத்தணும். என் குழல்ல வரி நிதானமாச் சுத்துது. அதுக்கு லேசான குண்டுதான் சரி.”

“அப்ப அந்தக் குடைவு?”

“அது காத்து பிடிக்கதுக்கு. சொத்தை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தினமும் வாய்க்குள்ள பாக்கேன்.”

மற்றவர்களின் துப்பாக்கிகள் வேறு அளவு, கடன் கேட்கவும் வழியில்லை. பையைத் தலைகீழாகக் கொட்டி உதறினாள். பழைய குண்டு ஏழு கிடைத்தது. அதை மடித்த கைக்குட்டையில் வைத்துவிட்டு, என் குண்டுகளோடு போய்ப் படுத்தாள். கிட்டத்துப் பன்றிகளுக்குக் குண்டு படுத்துக்கொள்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். கனத்தில் இறங்கும் என்று அரை விரல் மேலே குறிவைத்தாள். பன்னிரண்டு பன்றியும் சாய்ந்தன. அந்த நிதானத்தை நான் எந்த ஆளிடமும் பார்த்ததில்லை. பிறகு தூரத்துப் பன்றிகளுக்காகக் கைக்குட்டையைப் பிரித்தாள். ஏழு குண்டு, ஏழு பன்றி.

எட்டாவதற்கு என் குண்டுதான் மிச்சம். வெகுநேரம் குறிபார்த்துச் சுட்டாள். பக்கத்தில் இருந்த நம்பர் பலகை டங்கென்று விழுந்தது. பன்றி அப்படியே நின்றது. இன்னொருவர் இருபதும் சாய்த்திருந்தார்.

கிளப் செயலாளர் ஒரு குண்டை விரலில் உருட்டிப் பார்த்து, “இதை யார் வாங்கியது?” என்று கேட்டார். நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போயிருந்தேன்.

“நான் சரியா எழுதிக் குடுக்கல சார்” என்றாள் செல்வி.

அடுத்த வருடம் அவள் புனே போனாள். எங்கள் வீட்டில் இன்றும் நான் பையை எடுத்தால் போதும், கத்திரிக்காய்க்கோ கல்யாணப் புடவைக்கோ, மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: “கெட்டியாப் பாத்து வாங்கியாங்க.”

நான் கெடுத்த அந்தப் போட்டிக்கு மறுநாள் திங்கட்கிழமை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஃபோர்ட்டுக்குப் போய், சீட்டில் எழுதியிருந்ததை வாங்கினேன். டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை.