ஆயிரத்துப் பன்னிரண்டு

இறங்க வேண்டியது ஏறியிருந்தது.

யுகேந்திரன் ஸ்டோர் அறைத் தரையில் முட்டிபோட்டு, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, கண்ணாடிக் குவளையில் மிதந்த ஹைட்ரோமீட்டரை மறுபடியும் பார்த்தான். ஆயிரத்து முப்பத்து நாலு. ஐந்து நாளைக்கு முன்னால் இதே குழல் ஆயிரத்து இருபது காட்டியது.

பீர் ஊறப்போடும்போது அதில் சீனிச்சத்து நிறைய இருக்கும். கனமான திரவத்தில் குழல் தூக்கலாக மிதக்கும். ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்னத் தின்ன, குழல் அமிழ்ந்து எண் குறைந்துகொண்டே வரும். வெறும் தண்ணீருக்கு ஆயிரம். இவன் பீர் ஆயிரத்து ஐம்பதில் தொடங்கியது. ஆயிரத்துப் பன்னிரண்டில் வந்து நின்றால் முடிந்தது என்று அர்த்தம். ஈஸ்ட் தின்ற சீனியைத் திருப்பிக் கக்கியதாக இதுவரை எங்கும் செய்தி இல்லை.

"என்னங்க, உள்ள என்ன பண்றீங்க?" வெளியிலிருந்து குமுதா கேட்டாள்.

"என்சைமப் பாக்குறேன்."

"ஸ்டோர் எப்படி இருக்கு? காலையில வாளியோட எல்லாத்தையும் வெளிய இழுத்துப் போட்டுத் தேய்ச்சு, திருப்பி அடுக்கினேன். ஒரே எறும்பு."

"நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றான். அவன் கண் குழலைவிட்டு நகரவில்லை.

தரை கழுவும் என்சைம் என்று அவன் சொன்னது வடிகட்டின பொய். அந்தப் பொய்யின் வரலாறு ஒரு கல்யாணத்தில் தொடங்குகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் கிள்ளான் மண்டபம் ஒன்றில் குமுதாவின் தங்கை தாமரைக்குக் கல்யாணம். உள்ளே போன நான்கு டின் பீர் கொடுத்த தைரியத்தில் யுகேந்திரன் மேடையேறி மைக்கைப் பிடுங்கி, "தாமரையும் லோகனும் பல்லாண்டு வாழ்க" என்று வாயார வாழ்த்தினான். மாப்பிள்ளையின் பெயர் தனேஷ். லோகன் என்பவன் அதற்கு முந்தைய வருஷம் நிச்சயத்தோடு கழன்றுகொண்ட ஆள். ஐந்நூறு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள்.

மறுநாள் குமுதா அவனைக் கோயிலுக்கு இழுத்துப்போய்க் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

"இனி ஒரு சொட்டு உங்க நாக்குல பட்டாலோ, என்கிட்ட ஒரு பொய் சொன்னாலோ, நான் சாலாக் செலாத்தான்ல எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். சண்டையெல்லாம் போட மாட்டேன். போயிடுவேன், அவ்வளவுதான்."

அவள் சொன்னால் செய்கிறவள். யுகேந்திரன் இரண்டு வருஷம் ஒழுங்காக இருந்தான். கெடுத்தவன் கிரிகரி. இருவருக்கும் ஒரே கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அங்கே லேபில் இரப்பர்ப் பாலின் அடர்த்தியை இருபது வருஷமாக அளப்பவன் யுகேந்திரன்.

"மச்சான், என் அம்பதாவது பெர்த்டேக்கு ப்ரிக்பீல்ட்ஸ்ல பார்ட்டி வைக்கிறேன். வீட்டு பீர் வேணும். நீ குடிக்க வேணாம், அளந்து மட்டும் குடு. உன்ன மாதிரி ரீடிங் எடுக்க ஆளே இல்ல லா."

முதுகில் தட்டினால் மனுஷன் விழுந்துவிடுவான். நாக்கில் படாமல் செய்தால் சத்தியம் மீறியதாகாது என்று தனக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டான். அளக்க எடுக்கும் குவளையைக்கூட ஒரு சொட்டு ருசி பார்க்காமல் சிங்க்கில் ஊற்றினான். அதில் மட்டும் அவன் யோக்கியன்.

வாளிதான் வினை. சீனப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த ஆரஞ்சுகளின் தோலைப் பழுப்புச் சீனித் தண்ணீரில் போட்டு, குமுதா என்சைம் ஊறவைத்திருந்தாள். மூன்று மாதம் ஊறினால் தரை கழுவ அதைவிட நல்ல சாமான் இல்லை என்பது கோயில் மாதர் குழுவின் முடிவு. அடியில் பைப்பு, மூடி நடுவில் ரப்பர் அடைப்பான் வைத்த வெள்ளை வாளி அது. யுகேந்திரன் அதே கடையில் அதே மாதிரி இன்னொன்று வாங்கி, கிரிகரி சொன்னபடி ஆரஞ்சுத் தோலும் போட்டு பீரை ஊறவைத்து, அதன் பக்கத்தில் வைத்தான். அடையாளம் ஏதும் வைக்கவில்லை. வைத்தால் ஏனென்று கேட்பாளே. இடது வாளி அவளுடையது, வலது தன்னுடையது என்று மனத்தில் வைத்துக்கொண்டான்.

முதல் நாளே கேட்டாள். "இது என்னங்க புதுசா?"

"இதுவும் என்சைம்தான். கோயிலுக்கு உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு."

குமுதாவின் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே வாளியோடு அவனை நிற்கவைத்துப் படம் எடுத்து மாதர் குழு வாட்சாப்பில் போட்டாள். தலைவி புஷ்பவல்லியிடமிருந்து ஒன்பது கும்பிடு வந்தது. கல்யாண மண்டபத்தில்கூட யுகேந்திரன் இவ்வளவு கூசியதில்லை.

இப்போது எண் வேறு ஏறித் தொலைத்திருக்கிறது.

சூடுதான் காரணமோ என்று யோசித்தான். குழல் இருபது டிகிரிக்குச் செய்தது. ஸ்டோர் முப்பத்திரண்டில் வேகிறது. குவளையை ஃபிரிட்ஜில் வைத்து ஆறவிட்டு அளந்தான். ஆயிரத்து முப்பத்தேழு.

குமிழிகள் குழலில் ஒட்டிக்கொண்டு தூக்கிவிடுகின்றனவோ என்று, இரண்டு குவளைகளை எடுத்துத் தே தாரிக் கடையில் டீ ஆற்றுவதுபோல் இழுத்து இழுத்து ஊற்றினான். குமுதா வாசலில் நின்று பார்த்தாள்.

"என்சைம இப்படியா ஆத்துவாங்க?"

"காத்து போவணும்ல."

"எவ்வளவு அக்கறையா பண்றீங்க" என்றாள். தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது அவனுக்கு.

குழலே பொய் சொல்கிறதா என்று வெறும் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். அட்சர சுத்தமாக ஆயிரம். அந்த வீட்டில் பொய் சொன்னது குழல் இல்லை.

கிரிகரிக்கு ஃபோன் போட்டான். "ஈஸ்ட் தூங்கிருச்சு மச்சான். இன்னும் ரெண்டு பாக்கெட் போடு."

மூடியைத் திறந்தால் காற்றுப் பட்டுப் புளித்துவிடும் என்ற பயத்தில், அடைப்பான் ஓட்டை வழியாகவே ஈஸ்ட்டைக் கொட்டினான். மூன்று நாள் விட்டு அளந்தான். ஆயிரத்து ஐம்பத்து மூன்று. தொடங்கிய நாளைவிட அதிகம். பீர் பிறப்பதற்கு முந்தைய காலத்துக்குப் போய்விட்டது.

அன்று சோறு போடும்போது குமுதா சொன்னாள். "சொல்ல மறந்துட்டேன். உங்க வாளி பாவமா இருந்துச்சு, ரெண்டு கிலோ பழுப்புச் சீனி கரைச்சு ஊத்தினேன். சீனி பத்தலன்னா என்சைம் கருத்துப் போயிடும்னு புஷ்பவல்லி அக்கா சொன்னாங்க."

யுகேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. திட்டவும் முடியாது, அழவும் முடியாது. "நல்லதுதான்" என்றான்.

வெள்ளிக்கிழமை கோயில் லோரி வந்தது. திருவிழாவுக்கு முன் பிராகாரம் கழுவ வேண்டும். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சின்னையா இறங்கினார். ஏதோ ஃபேக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். குமுதா இடது வாளியைக் காட்டினாள்.

"இது என்னுது, மூணு மாசம் ஆச்சு அண்ணே. அவருது இன்னும் ஆவணும்."

யுகேந்திரனுக்கு அப்பாடா என்றிருந்தது. தானே தூக்கிக்கொண்டுபோய் லோரியில் வைத்தான். சின்னையா அடைப்பானைப் பிடுங்கி மூக்கை வைத்தார். பிறகு யுகேந்திரனை ஒரு பார்வை பார்த்தார்.

"யாரு தம்பி செஞ்சது?"

"குமுதாதான் அண்ணே."

"அப்படியா" என்றவர், வாளியை லோரியின் பின்னாலிருந்து எடுத்து முன் சீட்டுக்குக் கொண்டுபோய், மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பக்தியான மனிதர் என்று நினைத்துக்கொண்டான் யுகேந்திரன்.

மறுநாள் குமுதா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன நேரத்தில் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு வலது வாளியின் பைப்பைக் கால்வாயில் திறந்துவிட்டான். அது ஓடி முடியும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடியில் தங்கியதை மூடி திறந்து பார்க்கவும் வெட்கம். வாளியோடு குப்பை லோரியில் ஏற்றிவிட்டான். கிரிகரிக்குச் சொன்னபோது, "நீயா? ரீடிங் எடுத்தியா இல்லையா?" என்று கேட்டான். இருபது வருஷ லேப் வாழ்க்கை அந்த ஒரு கேள்வியில் போயிற்று.

"என்னுது கெட்டுப்போச்சு குமுதா, கொட்டிட்டேன்" என்று அவளிடம் சொன்னான். இந்தக் கதையில் அவன் அவளிடம் சொன்ன முதல் உண்மை அது என்று நம்பினான்.

"பரவால்ல. என்னுதுதான் கோயிலுக்குப் போச்சே" என்று அவள் தேற்றினாள்.

ஞாயிறு பூஜை முடிந்ததும் புஷ்பவல்லி மைக்கில் அவனைக் கூப்பிட்டார். மனைவிக்குத் துணையாக என்சைம் செய்த முதல் கணவருக்குப் பொன்னாடை என்றார். மேடையேறினான். பொன்னாடை தோளில் விழுந்தது, உடம்பெல்லாம் எரிந்தது. ரெண்டு வார்த்தை பேசுங்க தம்பி என்று புஷ்பவல்லி மைக்கைக் கையில் திணித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவன் கைக்கு வந்த முதல் மைக்.

கீழே முன்வரிசையில் குமுதா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு அவள் சொந்தக்காரர்கள் நடுவில் இப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. இவளிடம் போய் இனியும் பொய் சொல்வதா என்று நினைத்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"இதுக்கு எனக்கு அருகதை இல்லங்க. உண்மையா சொல்றேன், நான் ஒண்ணுமே செய்யல."

கூட்டம் கைதட்டியது. "என்ன தன்னடக்கம் பாருங்க" என்றார் புஷ்பவல்லி. குமுதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்தத் துடைப்பைப் பார்த்ததும் மிச்ச வார்த்தைகள் உள்ளேயே போய்விட்டன. சரி, போகட்டும், கால்வாயோடு எல்லாம் போய்விட்டது, இனி யாருக்கும் தெரியாது, செத்தாலும் இன்னொரு பொய் இல்லை என்று அம்மனைப் பார்த்து மனத்துக்குள் கும்பிட்டான்.

அப்போது சின்னையா கழுவிய காலி வாளியோடு மேடையேறி வந்து அவன் பக்கத்தில் நின்றார். மைக் இன்னும் யுகேந்திரன் கையில்தான் இருந்தது.

"இந்தாம்மா குமுதா, உன் வாளி. இதுல இருந்தத ஊத்திக் கோயில் கழுவ மனசு வரல, கோயில சோப்புத் தண்ணியில கழுவிட்டு இத நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். பீர் ஃபேக்டரியில இருபத்தாறு வருஷம் இருந்தவன்மா நான், ஒரு சொட்டு நாக்குல வச்சதுமே தெரிஞ்சிருச்சு: ஆயிரத்துப் பன்னண்டு, கரெக்டா எறங்கியிருக்கு."