நானூற்றுப் பன்னிரண்டு முறை மூழ்கியவர்

திருவனந்தபுரம் கடலில் மூழ்குவதில் முங்கல் அண்ணாச்சியை மிஞ்சிய ஆள் இதுவரை பிறக்கவில்லை. பதினேழு வருடங்களில் அவர் நானூற்றுப் பன்னிரண்டு முறை மூழ்கினார். பேச்சுக்குச் சொல்லவில்லை, ஒவ்வொரு மூழ்கலையும் தேதி போட்டு எழுதிவைத்தவன் நான். அதில் முந்நூற்று எழுபத்தொரு முறை மற்றவர்கள் அவரைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். ஒரு முறை யாரும் வராததால் தானே நீந்தி வந்தார். மீதி நாற்பது முறை, காப்பாற்றப் போனவர்களை அவர் இழுத்து வந்தார்.

விழிஞ்ஞத்துக்குக் கொஞ்சம் வடக்கே, அறுபத்து மூன்று படிகள் இறங்கினால் ஒரு சின்னக் கடற்கரை வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூட்டம் தாங்காது. குளிக்க வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ள, சம்பளம் வாங்காத லைஃப்கார்டுகள் சங்கம் ஒன்றை நாங்கள் சிலர் நடத்தினோம். தேர்வில் தேறியவருக்கு ஒரு கார்டும் ஆரஞ்சு நிறச் சட்டையும் கிடைக்கும். கார்டு இல்லாதவர் காவல் நிற்கக் கூடாது. சர்வே ஆபீசிலிருந்து ஓய்வுபெற்ற மறுமாதமே நான் அதில் நேரம் பார்ப்பவனாகச் சேர்ந்தேன். ஸ்டாப்வாட்ச், மதிப்பெண் தாள், இரண்டு பென்சில், ஒரு குடை. எனக்கு வேலை மணலில்தான்.

முதல் தேர்வில் மூழ்குகிறவராக நடித்தது ஒரு சாக்கு பொம்மை. மணலை அடைத்து, வாயைத் தைத்து, படகில் கொண்டுபோய்ப் போட்டோம். அது மிகவும் உண்மையாக மூழ்கியது. இன்றுவரை மேலே வரவில்லை. எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றபோது, கயிறு சப்ளை செய்ய வந்திருந்த சாலை பஜார்க் கடைக்காரர் ஒருவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"பிடியும் சாரே. நான் முங்குதேன்."

அன்றுமுதல் அவர் முங்கல் அண்ணாச்சி. சொந்தப் பெயர் என்னவென்று சாலை பஜாரில்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்து கயிற்றுக் கடை போட்டவர். எடை தொண்ணூற்று நாலு கிலோ. கடைத் தராசில் அவரே ஏறி நின்று எனக்குக் காட்டியிருக்கிறார். கட்டம்போட்ட அரைக்கால் சட்டை, கழுத்தில் ஒரு விசில். ஐம்பது மீட்டர் நீந்திப் போய் விசில் ஊதுவார். உடனே மூழ்க ஆரம்பிப்பார்.

அவர் மூழ்குவதைப் பார்க்கவே ஜனங்கள் கூடுவார்கள். பழவங்காடிப் பிள்ளையாரைக் கூப்பிடுவார். பெண்டாட்டி பெயரைச் சொல்லி, இனிமேல் அவள் வைக்கும் குழம்பைக் குறை சொல்வதில்லை என்று சத்தியம் செய்வார். கிட்டே வருகிறவரைக் கட்டிப் பிடிப்பார், கழுத்தில் ஏறுவார், காதைக் கடிக்கக்கூடப் பார்ப்பார். நெசமாக முங்குகிறவன் அப்படித்தான் செய்வான் என்பது அவர் வாதம். மூக்குக் கண்ணாடியோடு தேர்வுக்கு வந்த ஒரு பேங்க் ஆபீசர், அந்தக் கண்ணாடியையும் ஒரு பல்லையும் இழந்து கரையேறி, தமக்கு முழங்கால் வலி என்றும் தூரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றும் மனு கொடுத்தார்.

அண்ணாச்சி மனுவைப் படித்துப் பார்த்துவிட்டு, "நம்ம சாருக்கு முட்டு வலின்னு கடல் இருபத்தஞ்சு மீட்டர் கிட்ட வந்து நிக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்காக அவர் இரக்கமில்லாதவர் என்று நினைக்க வேண்டாம். நாற்பத்து மூன்று கிலோ எடையுள்ள ஒரு நர்ஸ் தேர்வுக்கு வந்தார். தொண்ணூற்று நாலை நாற்பத்து மூன்று எப்படி இழுக்கும்? எனக்கு அன்று இரவெல்லாம் தூக்கம் இல்லை. காப்பவர் எடையை மூழ்குபவர் எடையால் வகுத்து, அதற்குத் தகுந்தபடி நேரம் கூட்டிக் கொடுக்கும் அட்டவணை ஒன்றை மூன்று தாளில் எழுதிக் கொண்டுபோனேன். அண்ணாச்சி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். முங்குகிறவன் ஆள் பார்த்து முங்க மாட்டான், அதனால் எடையிலும் நேரத்திலும் சலுகை கிடையாது என்றார். ஆனால் தாடையைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும் என்று எங்கள் விதியில் இருந்ததை அடிக்கச் சொன்னார். மூக்கு தண்ணீருக்கு மேலே இருந்தால் போதும், எதைப் பிடித்து இழுத்தால் என்ன?

அந்த அம்மாள் இடுப்பில் கட்டியிருந்த தோர்த்துத் துண்டை அவிழ்த்து, அண்ணாச்சியின் அக்குளுக்கு அடியில் கொடுத்துக் கட்டி, சந்தைக்கு மாட்டை ஓட்டிப்போகிறவரைப்போலக் கூட்டிவந்துவிட்டார். போய்த் தொட எண்பத்தொரு செகண்டு. அண்ணாச்சி கரையில் படுத்தபடியே கை தட்டினார். இப்படித்தான், எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனார் ஒருவருக்கு எழுத்துத் தேர்வைத் தண்ணீரில் மிதந்துகொண்டே வாய்மொழியாக நடத்தினார். ஒரு கேள்வியைக்கூடக் குறைக்கவில்லை.

சேவியர் விஷயத்தில்தான் நாங்கள் இருவரும் முட்டிக்கொண்டோம்.

சேவியர் விழிஞ்ஞத்தில் வலை பின்னுகிறவன். முப்பத்து நாலு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. கையால் பேசுவான், அவசரமென்றால் ஈர மணலில் மலையாளத்தில் எழுதுவான். அந்தக் கடலில் அவனைப்போல நீந்துகிறவன் இல்லை. தேர்வெழுத வருவதற்கு முன்பே மூன்று பேரை இழுத்துப் போட்டிருக்கிறான். கார்டு இல்லாமல் தண்ணீரில் இறங்கியதற்காக மூன்று தடவையும் எங்கள் ஆட்களிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

எங்கள் தேர்வு விதி இது: தேர்வுக்கு வந்தவர் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். விசில் கேட்டதும் திரும்பி ஓட வேண்டும். தொண்ணூறு செகண்டுக்குள் மூழ்குகிறவரைத் தொட வேண்டும்.

முதல் தடவை சேவியர் முதுகைக் காட்டி நின்றான். அண்ணாச்சி விசில் ஊதினார், பிள்ளையாரைக் கூப்பிட்டார், பெண்டாட்டிக்குச் சத்தியம் செய்தார். பதினொரு நிமிடம். சேவியர் அறுபத்து மூன்று படிகளையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் அண்ணாச்சி தானாகவே நீந்தி வந்து, அவன் முதுகில் தட்டி, தான் இறந்துவிட்டதாகச் சைகையில் தெரிவித்தார். நான் பூஜ்யம் போட்டேன். இரண்டாம் தடவை, எதிரே நின்ற அவன் சிநேகிதன் ஒருவன் விசில் கேட்டதும் தலையைச் சொறிந்தான். சேவியர் பாய்ந்து ஓடினான். அதை நான் கவனித்துவிட்டேன். மறுபடியும் பூஜ்யம். மூன்று தடவைக்கு மேல் யாருக்கும் வாய்ப்புக் கிடையாது. மிச்சம் இருந்தது ஒன்று.

கூட்டம் போட்டோம். சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார், நல்ல மனிதர். விசிலுக்கு உள்ள பத்து மதிப்பெண்ணை கிரேஸ் மார்க்காகக் கொடுத்துவிடலாம் என்றார். சேவியருக்குக் கையால் விளக்கினோம். அவன் குனிந்து மணலில் 'வேண்டா' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான்.

"பையன் சொல்லுததுதான் சரி," என்றார் அண்ணாச்சி. பிறகு என் பக்கம் திரும்பினார். "சாரே, ஒண்ணு கேக்கேன். லைஃப்கார்டு எதுக்குவே கடலுக்கு முதுகக் காட்டி நிக்கணும்?"

பதில் எனக்குத்தான் தெரியும். அந்த விதியை எழுதியவன் நான். கடலைப் பார்த்து நின்றால் சிலர் விசிலுக்கு முன்பே புறப்பட்டுவிடுவார்கள், கணக்கு தப்பிவிடும் என்பதற்காக. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பத்து வருடத்துக்கு மேலாகக் காவல்காரர்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்திப் பரீட்சை வைத்திருந்தேன்.

செயலாளர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "பக்ஷே அண்ணாச்சி, முங்கற ஆள் கூப்பிடுவானல்லோ. அது கேக்க வேண்டாமோ?"

அண்ணாச்சி கழுத்து விசிலை உருட்டினார். பிறகு, எங்களிடம் அதுவரை சொல்லாததைச் சொன்னார். பதினாறு வயதில் தாமிரபரணியில் அவர் உண்மையாகவே மூழ்கியிருக்கிறார். "ஒரு சத்தமும் வரல. வாயி தண்ணிக்குள்ள போகுது, வருது. மூச்சு விடுததுக்கே நேரமில்ல, இதுல எங்க கத்த? பத்தடியில எங்க சின்னையா துணி தொவச்சிக்கிட்டு இருந்தாரு. அவரு திரும்பிப் பாக்கவே இல்ல."

அப்படியானால் இத்தனை வருடம் போட்ட கூச்சலெல்லாம்?

"அது உங்களுக்காகப் போட்டது. நீங்கதான் முதுகக் காட்டிக்கிட்டு நின்னீயளே."

அன்றே விதி மாறியது. விசில் கிடையாது, எல்லோருக்கும்தான். ஐந்து பேர் கடலைப் பார்த்து வரிசையாக உட்கார வேண்டும். அண்ணாச்சி நீந்திக்கொண்டே இருப்பார், நினைத்தபோது மூழ்குவார். முதலில் பார்த்தவர் போக வேண்டும். மீதிப் பேருக்காக மறுபடி மூழ்குவார். காவல் நேரத்தில் ஒருவரையொருவர் கூப்பிட விசிலோடு சிவப்புக் கொடியும் இருக்கும். காற்றடிக்கிற நாளில் காது கேட்கிறவர்களுக்கும் விசில் கேட்பதில்லை என்பதை அப்போதுதான் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு ஒரே ஒரு கவலை. விசில் இல்லாவிட்டால் நான் வாட்ச்சை எப்போது அமுக்குவது?

"நான் முங்கும்போது."

"நீங்க முங்கறது எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"பாத்துக்கிட்டே இரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். சேவியர் இடது ஓரம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலை வாட்ச் மேல் வைத்து, இமைக்காமல் பார்த்தேன். அண்ணாச்சி மல்லாந்து நீந்தினார், கவிழ்ந்து நீந்தினார், கையை ஆட்டினார். பத்து நிமிடம், இருபது, முப்பது. மற்ற நாலு பேரும் புதுத் துறைமுகத்துக்கு வந்திருக்கும் கப்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சேவியருக்குப் பேச்சு இல்லை. அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்பதாவது நிமிடம் அண்ணாச்சியின் தலை பின்னால் சாய்ந்தது. வாய் நீர்மட்டத்துக்கு இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தின. பிள்ளையார் இல்லை, பெண்டாட்டி இல்லை. இத்தனை வருடத்தில் இந்த மனிதர் சத்தமில்லாமல் மூழ்கி நான் பார்த்ததே இல்லை. அறுபத்து நாலு வயது, காலையில் நாலு குழாய்ப் புட்டு சாப்பிட்ட உடம்பு. அவருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அதன்பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. குடை எங்கே போனதென்று தெரியவில்லை. இடுப்புவரை தண்ணீர். எதிரே சேவியரின் கை அண்ணாச்சியின் கழுத்தைச் சுற்றியதைப் பார்த்தேன். அதே நொடி ஓர் அலை வந்து என் கண்ணாடியையும் காலையும் ஒன்றாகப் பறித்தது. கொஞ்ச நேரம் உலகம் பச்சையாக இருந்தது. பிறகு யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். சேவியர் ஒரு கையில் அண்ணாச்சியும் மறு கையில் நானுமாகக் கரையேறினான்.

மணலில் போட்டதும் அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்தார். "எத்தன செகண்டு சாரே?"

வாட்ச் என் கையில்தான் இருந்தது. பூஜ்யம். நான் அமுக்கவே இல்லை.

நேரம் இல்லையென்றால் தேர்ச்சி இல்லை. அதுவும் நான் எழுதிய விதிதான். சேவியர் வாட்ச்சைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவனுடைய மூன்றாவது தடவை. செயலாளர் என் காதருகே வந்து, "சாரே, ஒரு ஐம்பது எழுதியேக்கு" என்றார். நடக்காத எண்ணை நான் எழுதியதில்லை. அண்ணாச்சி எழுந்து, இடுப்பை இறுக்கிக்கொண்டு, "விடும், இன்னொரு தரம் முங்கிட்டாப் போச்சு" என்று கடலைப் பார்த்து நடந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். இன்றைக்கு நீங்கள் முங்கியது போதும், மீதிப் பேருக்கு அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பிறகு கண்ணாடி இல்லாமல் குனிந்து, உலர்ந்த மணலில் என் கால்தடங்களை எண்ணினேன். இருபத்தாறு. தண்ணீரில் இடுப்புவரை போக இன்னொரு பதினைந்து வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு கிழவனானாலும் நாற்பத்தோரு எட்டு வைக்கத் தொண்ணூறு செகண்டு ஆகாது. அதற்குள் அவன் தொட்டதை நான் பார்த்தேன். தாளில் எழுதினேன்: 'சரியான நேரம் தெரியாது. தொண்ணூறுக்குள் என்பது நிச்சயம். சாட்சி, நேரம் பார்ப்பவரின் கால்தடம். காப்பாற்றப்பட்டவர்கள், இருவர். தேர்ச்சி.' சேவியருக்குத் தமிழ் படிக்க வராது. பெரிதாக ஒரு டிக் போட்டுக் காட்டினேன். அவன் தாளை வாங்கி, நனைந்த மார்பில் வைத்துவிட்டு, நனைந்துவிடுமே என்று பயந்து உடனே எடுத்துவிட்டான்.

மற்ற நாலு பேரையும் விசாரித்தபோது, நான் ஓடுவதைப் பார்த்துத்தான் எழுந்தோம் என்றார்கள்.

"பாத்தீரா," என்றார் அண்ணாச்சி. "கடேசில சலுகை வேண்டியிருந்தது உமக்குத்தான்."

படியேறும்போது அவர் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். பாதியில் நின்று கேட்டார். "உமக்கு நீச்சல் தெரியும்னு இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லலியே சாரே."

"தெரியாது அண்ணாச்சி."

கிழக்கேகோட்டை பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் ஈரச் சட்டையைக் கையை வெளியே நீட்டிப் பிடித்து, ஸ்டாண்டு வரும்வரை காயவைத்துக்கொண்டே வந்தார்.