ஆண் பாலியல் தொழில்: ஓர் அட்டைப்பட ஆலோசனை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரும் சாதனை, அடையாறில் ‘ஆண் பாலியல் தொழில் வரலாற்று, சமூகவியல் ஆய்வு மையம்’ தொடங்கப்பட்டதுதான். பன்னிரண்டு ஆண்டுகளில் நாற்பது கருத்தரங்குகள், நாற்பதிலும் வடை. பதின்மூன்றாம் ஆண்டில், தொழில் செய்பவர் ஒருவரையாவது நேரில் பார்த்துவிடலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. அப்படி அகப்பட்டவன்தான் கனகராஜ்.

நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்கும் அவன் சளைக்காமல் பதில் சொன்னான். அப்பா அடித்தாரா, கனவில் பாம்பு வந்ததா, இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று விஞ்ஞானம் எதையும் விட்டுவைக்கவில்லை. அவன் முகம் நூலின் எந்தப் பக்கத்திலும் வராது என்று எழுதிக் கொடுத்து, அதற்காக மூன்று புகைப்படங்களும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆறு மாதம் கழித்துக் கூட்டம் போட்டு, அவனையும் அழைத்து அட்டைப்படத்தைக் காட்டினார்கள். அட்டை முழுக்கக் கனகராஜ் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். தேனாம்பேட்டையில் புஷ்பம்மா அவனைச் செல்போன் கடைக்காரன் என்று நம்பித்தான் மாடி அறையை வாடகைக்குக் கொடுத்திருந்தார்.

“இன்னா சார் இது? வூட்டுக்காரம்மா பாத்தா அன்னிக்கே பொட்டியத் தூக்கி ரோட்ல வெச்சிடும். ஆறு வூடு மாறி இப்பதான் ஒரு ரூம் கெடச்சிக்கீது. மூஞ்சி வராதுன்னு எழுதிக் குட்தீங்களே?”

“பக்கத்துல வராதுன்னுதான் எழுதினோம். அட்டை பக்கத்துல சேராது” என்றார் இயக்குநர் டாக்டர் ஸ்ரீஹரி, கண் கலங்க. “உண்மைக்கு ஒரு முகம் வேணும் கனகராஜ். குழுவுல அஞ்சு பேரும் ஏகமனதா முடிவு பண்ணியாச்சு.”

கனகராஜ் ஐந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

“சரி சார், போட்டுக்கோங்க. ஆனா நூத்திப் பன்னெண்டு கேள்வில, எங்கிட்ட வர்றது யாருன்னு ஒண்ணுகூட இல்லியே? அதையும் சொல்றேன், எழுதிக்கோங்க. அவங்க போட்டோவும் போடுங்க. ரொம்ப தூரம் போவ வேணாம், இந்த ரூம்லயே ரெண்டு பேர் கீறாங்க.”

சத்தியமாக அவன் அவர்களில் ஒருவரைக்கூட அந்த அலுவலகத்துக்கு வெளியே பார்த்ததில்லை. சும்மா அடித்துவிட்டான். இரண்டு பேர் என்றுதான் சொன்னான். ஏசி அறையில் நான்கு பேருக்கு வியர்த்தது. ஐந்தாமவரான ஸ்வர்ணலதா மேடம் எழுந்துபோய்த் தன் கணவருக்கு போன் போட்டார்.

“தனிமனித அந்தரங்கம் புனிதமானது!” என்று ஸ்ரீஹரி மேசையைத் தட்டினார். இரண்டே நிமிடத்தில் அட்டைப்படம் ரத்தானது. வாடிக்கையாளர் பற்றிப் பேசுவதும் ‘தரவு போதாமையால்’ கைவிடப்பட்டது.

நூல் மயிலாப்பூரில் வெளியானது. அறுநூறு பக்கம். இந்த நாட்டில் ஆண்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தத் தொழிலைச் செய்துவருகிறார்கள் என்று அசைக்க முடியாத சான்றுகளுடன் அது நிறுவுகிறது. அந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் அவர்களிடம் ஒருவர்கூடப் போனதில்லை என்பதையும்.