பவுடர் பூசிய எஞ்சின்

மனைவிக்கு வாங்கித் தராத முகப்பவுடரை ஒரு ஜீப்புக்கு வாங்கிப் பூசியவர், தருமபுரி மாவட்டம் உருவான நாளிலிருந்து இன்றுவரை எங்கள் அலுவலக டிரைவர் ஒருவர்தான். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மாதாமாதம் அதை எழுதிய எனக்கே சட்டென்று நினைவுக்கு வராது. எல்லோருக்கும் அவர் பவுடர்.

அறுபதுகளின் கடைசி. எங்கள் ஜீப் நின்ற இடமெல்லாம் ஆயில் சொட்டும். பவுடர் எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, மேலெல்லாம் பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஓடவிடுவார். வெள்ளையில் எங்கே ஈரம் படர்கிறதோ அங்கே கசிவு. முறை சரியானதுதான். வாரத்துக்கு மூன்று முறை என்பதுதான் அதிகம்.

புகையையும் அவர் விட்டுவைக்கவில்லை. இண்டூர் போகும் பஸ் கிளம்பினால் பின்னாலேயே ஓடி, புகையைக் கையால் அள்ளி முகர்ந்து பார்ப்பார்.

"கறுப்புன்னா டீசல் அதிகம், வெள்ளைன்னா தண்ணி உள்ள போவுது, நீலம்னா ஆயில் எரியுது. உங்க வண்டி மூணையும் வுடுதுங்க!"

"யோவ், நீ மொதல்ல பஸ்ஸ வுடுய்யா!" என்பார் கண்டக்டர்.

ஒருநாள் அவர் மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "மாசம் ரெண்டு டப்பா மூஞ்சிப் பவுடர் வாங்குறாருங்க. வூட்டுக்கு ஒண்ணும் வரல. யாருக்குன்னு நீங்களே கேளுங்கய்யா."

ஷெட்டுக்கு அழைத்துப்போய் பானெட்டைத் திறந்து காட்டினேன். மணப்பெண் மாதிரி வெள்ளை முகத்தோடு எஞ்சின் உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தார்.

"வேற பொம்பளையா இருந்தாக்கூட நாலு வார்த்த கேக்கலாமுங்க" என்றார்.

இதற்கிடையே ஜீப் நீலப் புகை விட ஆரம்பித்தது. பவுடர் பூசப் பூசக் கசிவு கூடியது. நான் வண்டியைக் கழிவு செய்யக் கோப்பு தயாரித்தேன். அலுவலக மொழியில் 'கண்டம்'. மூன்று படிகள், பதினோரு இணைப்புகள். பழையது போனால்தான் புதிது வரும். பவுடர் தற்காலிகப் பணியாளர், அவருடைய பதவி அந்த ஜீப்போடு ஒட்டியது. அதையும் ஒரு பத்தியில் முறைப்படி குறிப்பிட்டிருந்தேன்.

சேலத்திலிருந்து பொறியாளர் வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, புகையைப் பார்த்து, அடியில் குனிந்து பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"பிஸ்டன் ரிங் தேஞ்சுபோச்சு. இனி இதுல ஒண்ணுமில்ல."

"ஐயா, ரிங் தேஞ்சா மேடு ஏறாதுங்க. நேத்துதான் ஒகேனக்கல் போயி மலை ஏறி வந்துச்சு." பவுடர் எஞ்சின் பக்கம் போனார். ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து காற்று புஸ்ஸென்று அவர் முகத்தில் அடித்தது. "பாருங்க, மூச்சு முட்டுது. மூச்சு வுட வழியில்லாமத்தான் ஆயில வெளிய தள்ளுது."

"அஞ்சு நிமிஷம்" என்றார் பொறியாளர், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேற பிரீதர் என்று ஒரு குழாய் உண்டு. பவுடர் அதைக் கழற்றி, உள்ளே இருந்த வலையை விரலால் நோண்டினார். வெள்ளையாக, களி போல ஒரு கட்டி வந்தது. அவர் கை அப்படியே நின்றது. நான் பக்கத்தில் நின்றேன். மல்லிகை வாசனை வந்தது.

கசிவைக் கண்டுபிடிக்க அவர் தூவிய பவுடரே ஆயிலோடு குழைந்து, குழாயை அடைத்துக் கசிவை உண்டாக்கியிருந்தது.

பொறியாளர் கோப்பின் மேல் குனிந்திருந்தார். பவுடர் கையை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். காட்டாவிட்டால் ஜீப் போகும், அதோடு அவரும் போவார். காட்டினால் அலட்சியம் என்ற ஒரே சொல்லில் அவரை அனுப்பிவிடலாம், ஜீப் மட்டும் நிற்கும். இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும்.

கையைத் திறந்து, நேராக என் கோப்பின் மேலேயே வைத்தார்.

"தப்பு என்னுதுங்கய்யா. வண்டி மேல ஒண்ணுமில்ல."

பொறியாளர் முகர்ந்து பார்த்தார். குழாயை பெட்ரோலில் கழுவச் சொன்னார். மறுபடி எஞ்சின் ஓடியது. பவுடர் தன் வெள்ளைத் துண்டை வண்டிக்கு அடியில் விரித்தார். அரை மணி நேரம். மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து ஒரு துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீலம் மெல்லக் குறைந்தது. புது ஜீப்புக்காக நான் எழுதிய பதினோரு இணைப்புகளும் என் மடியில் இருந்தன. சொட்டிவிடக் கூடாதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

துண்டு வெள்ளையாகவே இருந்தது.

பொறியாளர் கோப்பின் மேல் குறுக்கே கோடு இழுத்து ரத்து செய்தார். என் பக்கம் திரும்பி, "டிரைவருக்கு மெமோ குடுங்க. எந்த விதிய மீறினார்னு தெளிவா எழுதணும்" என்றார்.

முறையான உத்தரவு. விதியைச் சொல்லாத மெமோ செல்லாது. எஞ்சினுக்கு முகப்பவுடர் பூசக்கூடாது என்ற விதியைத் தேடி, அலுவலகத்திலிருந்த அத்தனை விதித் தொகுப்புகளையும் மேசைமேல் அடுக்கினேன். தேடல் நடைபெறுகிறது என்று ஒவ்வொரு மாதமும் கோப்பில் குறிப்பு எழுதினேன். நான் ஓய்வு பெறும் நாள்வரை எழுதினேன்.

அப்படி ஒரு விதி கிடையாது என்பது முதல் நாளே எனக்குத் தெரியும்.