எல்லோரும் அப்ரூவர்

மருத்துவமனைக் கட்டில் செய்யும் கம்பெனி ஒன்றில், நிர்வாகத்தைச் செம்மைப்படுத்தும் உயரிய நோக்கத்தோடு புது மென்பொருள் ஒன்றை நிறுவினார்கள். ஒருவர் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். இன்னொருவர் அதைச் சரிபார்த்து 'அப்ரூவ்' என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு உரிமையும் கிடையாது.

நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கிடங்குப் பொறுப்பாளர் கணினிப் பிரிவுக்கு வந்து நின்றார்.

"எனக்கு ஏன் தம்பி பதிவு உரிமை?"

"சரக்கு உங்ககிட்டதானே சார் இருக்கு. என்ன இருக்கு, என்ன போகுதுன்னு நீங்கதானே சொல்லணும்?"

"அதெல்லாம் சரிப்பா. என் மச்சினன் அவங்க ஆபீஸ்ல அப்ரூவராம். 'மாமா இன்னும் என்ட்ரிதானா'ன்னு என் பொண்டாட்டி முன்னாடியே கேக்கறான்."

கணினிப் பிரிவுக்காரருக்கும் மச்சினன் உண்டு. மாற்றிக் கொடுத்துவிட்டார். விஷயம் கசிந்து விற்பனைக்காரர் வந்தார். தரப் பரிசோதகர் வந்தார். கணக்குப் பிரிவு மொத்தமாக வந்தது. கடைசியில், நிறுவனம் முழுமையான அப்ரூவர் நிலையை எட்டிவிட்டதாக மேலாளர் பெருமையோடு சுற்றறிக்கை விட்டார்.

எல்லோரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். 'ஒப்புதலுக்கு எதுவும் இல்லை' என்றது திரை.

"பாத்தீங்களா, பெண்டிங்கே இல்ல" என்றார் மேலாளர்.

வாசலில் கட்டில் ஏற்றிய லாரி நின்றுகொண்டிருந்தது. அது கிளம்பச் சீட்டு வேண்டும். சீட்டு வர யாராவது பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையிலிருந்து தலைமை நர்ஸ் போன் செய்தார். "நோயாளிங்க தரையில படுத்திருக்காங்க சார்."

மேலாளர் ஊழியர்களைக் கூட்டினார். "யாராவது ஒருத்தர் பதிவுக்கு இறங்கி வாங்கப்பா."

ஆளாளுக்குப் பக்கத்தில் இருந்தவரைக் கைகாட்டினார்கள்.

கணினிப் பிரிவுக்காரர்தான் தயங்கிச் சொன்னார். "கொள்முதல்ல இருந்த அக்கா பேர்ல பதிவு உரிமை இன்னும் இருக்கு சார்."

"அவங்க வேலையை விட்டுட்டுத் தையல் கடை வச்சிருக்காங்களே?"

"ஆமா. ஆனா அவங்க பேரை நீக்கச் சொல்லி யாரும் பதிவு பண்ணலையே."

அக்காவின் பெயரில் நுழைந்து பதிவு செய்தார்கள். லாரி கிளம்பியது. அதன்பின் எந்த வேலையும் அக்கா பெயரில்தான் நடந்தது. ஆண்டு முடிவில் சிறந்த ஊழியரைத் தேர்ந்தெடுக்கும்படி மென்பொருளிடம் கேட்டபோது, அது கொஞ்சமும் யோசிக்காமல் அக்காவைச் சொன்னது.

விழாவுக்கு அக்கா வந்தார். மேலாளர் பொன்னாடையோடு நெருங்கியதும் கையை நீட்டித் தடுத்தார்.

"சார், பரிசெல்லாம் வேணாம். எல்லாச் சீட்டுலயும் என் பேரும் போன் நம்பரும் இருக்காம். ஒருத்தருக்கு ஜாக்கெட் அளவு எடுத்துக்கிட்டு இருக்கேன், 'கட்டில் கால் ஆடுது'ன்னு ஒரு நர்ஸ் போன் பண்ணித் திட்டறாங்க. எனக்கு அளவே மறந்துபோச்சு. முதல்ல என் பேரை எடுத்துடுங்க."

"எடுத்துடலாம். பதிவு பண்ணிட்டா போதும்" என்றார் மேலாளர்.

"யார் பண்ணணும்?"

எல்லோரும் அக்காவையே பார்த்தார்கள்.

அக்கா பெருமூச்சு விட்டு, மேடை ஓரத்திலிருந்த கணினியில் உட்கார்ந்து, தன் பெயரைத் தானே நீக்கும் கோரிக்கையைப் பதிவு செய்தார்.

அந்த நொடியே அரங்கில் இருந்த எல்லோருடைய கைபேசியும் ஒப்புதல் கேட்டுச் சிணுங்கியது. வெகுநேரமாக ஒன்றும் வராமல் விரல் துறுதுறுத்துக் காத்திருந்தவர்கள். மேலாளர் உட்பட அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பச்சைப் பொத்தானை அழுத்தினார்கள்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு நிம்மதியாக வெளியே போனார்.

"இப்ப என்னத்துக்குய்யா ஒப்புதல் குடுத்தோம்?" என்று கேட்டார் மேலாளர்.

"படிக்கல சார்" என்றார் கிடங்குப் பொறுப்பாளர். "ஆனா முதல்ல அழுத்தினது நான்தான்."