மில்லிமீட்டர் செய்த பெஞ்ச்

தலைநகரில் மில்லிமீட்டருக்குப் பயப்படாத நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் மனிதர் உடனே உட்கார மாட்டார். முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் போடுவார். சட்டைப்பையிலிருந்து டேப்பை உருவி நான்கு கால்களையும் அளப்பார். "ஒரு காலு மூணு மில்லி கொறையுதுவே. இதுல உக்காந்து எப்படி நிம்மதியா காப்பி குடிக்கீரு?" என்பார். இருபது வருஷமாக ஆடாத நாற்காலி மறுநாளிலிருந்து ஆட ஆரம்பிக்கும்.

திருநெல்வேலிக்காரர். ஏதோ மத்திய அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். தில்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் இரண்டாவது மாடியில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் கதவில் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. காவலாளி முதல் காய்கறி வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் மில்லிமீட்டர்தான்.

நாங்கள் தரைத்தளம். வீட்டுக்குப் பின்னால் தளம் போட்ட சின்ன முற்றம் உண்டு. டிசம்பரில் பதினொரு மணிக்கு அங்கே வெயில் வரும். தில்லிக் குளிரில் அந்த வெயில் எப்பேர்ப்பட்ட வரம் என்று மெட்ராஸ்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. என் மனைவி கமலாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் முடிந்த வருஷம் அது. "நன்றாக வெயிலில் உட்காரட்டும்" என்றார் டாக்டர். நான் உடனே கடைக்குப் போய், சாய்ந்தால் தூக்கம் வருகிற மாதிரி ஒரு வெளிப்புற சோபாவை நானே தேர்ந்தெடுத்து வாங்கி வந்தேன்.

கமலா உட்கார்ந்தாள். அமிழ்ந்தாள். அவ்வளவுதான், எழுந்திருக்க முடியவில்லை. நான் ஒரு கையையும் காவலாளி ஒரு கையையும் பிடித்து இழுக்க, எதிர் பிளாட் பால்கனியில் நான்கு பேர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே ஆபீஸ் போய் வந்தவள் அவள். உள்ளே வந்ததும் சொன்னாள்: "இனிமே நான் வெளில வரல. என்னை மூட்டை மாதிரி யாரும் தூக்க வேணாம்." பன்னிரண்டு நாள் வெளியே வெயில் காய்ந்தது, உள்ளே ஹீட்டர் எரிந்தது. எனக்கு வயிறும் எரிந்தது.

பதின்மூன்றாம் நாள் மில்லிமீட்டர் வந்தார். சோபாவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னவே இது? நாற்காலி கேட்டா கெணறு வாங்கியாந்திருக்கீரு! கெளம்பும்."

கடை கடையாக அலைந்தோம். ஒரு கடையில் தொப்பைக்கார முதலாளியையே நாற்காலியில் உட்காரச் சொன்னார். "பைட்டியே, பையா. அப் உட்டியே. ஹாத் நஹீன்!" கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டுமாம். பாவம், அந்த மனிதர் வியாபாரம் நடக்கும் என்ற ஆசையில் ஆறு நாற்காலிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். ஏழாவதில் மூச்சு வாங்க எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார். "கடைல உள்ள சாமான் பூரா கடைக்காரனுக்கே ஒத்து வரல. நாமளே செஞ்சிருவோம்வே" என்றார் மில்லிமீட்டர், ரொம்பத் திருப்தியாக.

மறுநாள், பழைய சாமான் வாங்க வரும் கபாடிக்காரருக்காக நாங்கள் சேர்த்து வைத்திருந்த பழைய பேப்பரையெல்லாம் ஹாலில் கொட்டினார். ஒரு ஸ்டூலின் மேல் அடுக்கிக் கயிற்றால் கட்டி, "உக்காரு தங்கச்சி. கைய மார்ல கட்டிக்கிட்டு எந்திரி" என்றார்.

"முடியல அண்ணே."

"நீரு இன்னும் நாலு பேப்பர் வையும்வே!"

நான் வைப்பேன், அவள் உட்காருவாள், முடியாது. இப்படியே ஒரு மணி நேரம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பை வைத்ததும் கமலா ஜம்மென்று எழுந்து நின்றாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. மறுபடி உட்கார்ந்து எழுந்தாள். மில்லிமீட்டர் அந்த இணைப்பை மட்டும் உருவிவிட்டு அவளை எழச் சொன்னார். முடியவில்லை. திரும்ப வைத்தார். எழுந்தாள். தரையிலிருந்து உயரத்தை அளந்து, "ஐநூத்திப் பதிமூணு மில்லி!" என்று கத்திக்கொண்டே முன்னங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

இடித்த கட்டடத்திலிருந்து வந்த கதவு நிலைக்கட்டைகளை எங்கிருந்தோ பிடித்து வந்து முற்றத்தில் போட்டார். மூன்று வாரம் ரம்பமும் இழைப்புளியும்தான். பலகைகளுக்கு நடுவே விரல் இடைவெளி விட்டு, மக்கில் தண்ணீர் ஊற்றி அது வடிகிற நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தார். பாரம் தாங்குமா என்று பார்க்க, ஒருவரோடு ஒருவர் பேசாத சொசைட்டித் தலைவரையும் செயலாளரையும் அழைத்துச் சேர்ந்தாற்போல் உட்கார வைத்தார். இருவரும் சேர்ந்தால் இருநூறு கிலோ தேறும். பெஞ்ச் முனகக்கூட இல்லை.

"வா தங்கச்சி" என்றார் ராஜா மாதிரி. கமலா ஸ்வெட்டர், சால்வை, கம்பளி சாக்ஸ், மெத்தென்ற குளிர்காலச் செருப்பு எல்லாம் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு நாள் பிடிவாதத்தையும் அதற்கு மேல் மூன்று வாரத்தையும் விட்டு வெளியே வந்தாள். உட்கார்ந்தாள். முகத்தில் வெயில் பட்டது. கையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

பாதியில் பொத்தென்று விழுந்தாள். இன்னொரு முறை. மறுபடியும் பொத்.

தலைவரும் செயலாளரும் மரங்களைப் பார்த்தார்கள். கமலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மில்லிமீட்டரின் முகம் செத்துவிட்டது. பெஞ்சை அளந்தார்: ஐநூற்றுப் பதிமூன்று. கையைப் பார்த்தார்: ஐநூற்றுப் பதிமூன்று. அப்புறம் மெதுவாகக் குனிந்து கமலாவின் பாதத்தைப் பார்த்தார்.

"செருப்பு!" என்று அலறினார். "வீட்டுக்குள்ள வெறுங்கால்ல அளந்துட்டேன். எம்புத்திய அந்தச் செருப்பாலயே அடிக்கணும்!" பாதம் செருப்பின் உயரத்துக்கு மேலே போனால் பெஞ்ச் அவ்வளவும் தாழ்ந்த கணக்குத்தானே! டேப்பைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஓடிப் போனார்.

மறுநாள் பத்தரைக்கு ஒரு பையோடு வந்தார். உள்ளே இரண்டு ஜோடி செருப்பு. கமலாவுடையதே போல, அதே கடை, அதே அளவு. பெஞ்சைக் கவிழ்த்து, காலுக்கு ஒன்றாக நான்கையும் ஆணியடித்து மாட்டினார்.

"என்ன அண்ணே இது?" என்று கமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீ செருப்பு போட்டா அதுவும் போடணும்லா? தேஞ்சா ரெண்டு பேருக்கும் சேந்து தேயட்டும்."

அவள் உட்கார்ந்தாள். கையைக் கட்டினாள். எழுந்தாள். யாரும் தொடவில்லை. எதிர் பால்கனியிலிருந்து கைதட்டல் கேட்டது. மில்லிமீட்டர் திரும்பிக்கொண்டு வெகுநேரம் டேப்பைச் சுருட்டினார். அது தானாகவே சுருண்டுகொள்ளும் டேப்.

இப்போது அவர் மகளோடு நாக்பூரில் இருக்கிறார். ஐந்தடி இரண்டங்குல ஆளான எனக்கு அந்த பெஞ்சில் கால் எட்டாது. தொங்கவிட்டுக்கொண்டு கமலா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவருக்கு நான் வாயால் நன்றி சொன்னதே இல்லை, சொன்னால் அளந்து பார்த்துக் குறைகிறது என்பார். ஒவ்வொரு நவம்பரிலும் செருப்புக் கடைக்குப் போய் ஒரே அளவில் மூன்று ஜோடி கேட்கிறேன். கடைக்காரர் ஒவ்வொரு வருஷமும், யாருக்கு இத்தனை என்று கேட்கிறார்.

"எங்க வீட்டம்மாவுக்கு ஆறு கால், பையா" என்கிறேன். "நாலு கால் எங்க மில்லிமீட்டர் குடுத்தது."