சீதனப் புதர்கள் அழ மறுத்தது பற்றி

மெஸ்தா, ஆகஸ்ட் கடைசி

சம்பந்தி ஆகப்போகும் கேப்டன் ஸ்தமாத்திஸ் அவர்களுக்கு, இசிடோரோஸ் மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி ஆர்கீரோவும் ஆடுகளும் சுகம். அங்கு கர்தாமிலாவில் உங்கள் முழங்கால் சுகமா? புதர்கள் மிகவும் சுகம். அதுதான் சிக்கல்.

போன வருஷம் ஈஸ்டருக்கு வந்தபோது, என் மகள் மார்கெல்லாவுக்கு நான் சீதனமாகத் தரப்போகும், கீறினால் கண்ணீர்போல் பிசின் சொட்டும் மாஸ்திக் புதர்களைப் பார்த்து, "என்னய்யா இது, சோத்துக்கு வழியில்லாத மாதிரி நிக்குது" என்றீர்கள். ஆயுசைக் கப்பலில் கழித்தவர் மண்ணைப் பற்றிச் சொன்னதை நான் காதில் வாங்கியிருக்கக் கூடாது, ஆனால் பெண்ணைப் பெற்றவன், வாங்கிவிட்டேன், ஆட்டெரு போட்டேன், உரக்கடைக்காரர் தந்ததைப் போட்டேன், மீன் கழிவைப் புதைத்தேன், புதர்களும் தளதளவென்று பெருத்து வழியை மறைத்தன. இந்த ஜூலையில் அடியில் பெருக்கி, விழுகிற பிசினில் அழுக்கு ஒட்டாமலிருக்க வெள்ளை மண் தூவி, பட்டையைக் கீறினேன். பிசின் வரவில்லை. மறுபடி கீறினேன். இலைதான் வந்தது. பக்கத்துக் காட்டு மிஹாலிஸின் சவலைப் புதர்களோ கல்லுக்கு நடுவில் நின்றுகொண்டு பொலபொலவென்று சொட்டுகின்றன. அந்த ஆள் தினமும் வந்து, "உன் தோட்டத்துல நிழல் நல்லாருக்கு இசிடோரு, கொஞ்சம் படுத்துக்கவா?" என்கிறான். படுத்தும் விடுகிறான்.

"பட்டினி கெடந்தாத்தான்யா அது அழும்" என்கிறாள் ஆர்கீரோ. "மூணு வேளையும் விருந்து வச்சா எதுக்கு அழப்போவுது? தின்னதெல்லாம் இலைக்கே போயிடுது."

இதற்குள் பஸ் டிரைவர் மூலம், "பிசின் இல்லேன்னா சம்பந்தமும் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அன்றிலிருந்து எனக்கு ரொட்டி இறங்கவில்லை. எருவை நிறுத்திவிடுகிறேன், மேல்மண்ணையும் சுரண்டி எடுத்துவிடுகிறேன், இரண்டு மூன்று வருஷம் காயப்போட்டால் பழைய ஏழ்மைக்கே திரும்பிவிடும். தயவுசெய்து கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

புனித இசிடோர் உங்கள் வீட்டையும் மாப்பிள்ளை பந்தெலிஸையும் காப்பாராக.

தங்கள்,
இசிடோரோஸ்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் மார்கெல்லா இதை வாங்கி வாசித்தாள். நான் ஒரு கூடை எரு போட்ட இடத்தில் அவள் மூன்று கூடை போட்டிருக்கிறாளாம். ஏன் என்று கேட்டேன். "அதுங்க அழுதா கல்யாணம் நடக்கும்ப்பா. அப்புறம் காலத்துக்கும் நான்ல அழணும்" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. பந்தெலிஸைப் பிடித்திருக்கிறதா என்று அவளிடம் எங்கள் வீட்டில் ஒருவருமே கேட்கவில்லை. ஆகவே மேலே கெஞ்சியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் கல்யாணத்தை நிறுத்தும்வரை நான் எருவை நிறுத்தப்போவதில்லை.